தீவன மூட்டைக்குள்ளே என்ன இருக்குன்னு சொல்லு!

(நீடாமங்கலத்தில் நடந்த விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. கிராமக் கூட்டங்களில் வாசித்துக் காட்டவும்.)



தண்ணீருக்காகக் கூடியிருக்கோம். நெல் விலைக்காகக் கூடியிருக்கோம். பயிர் இன்சூரன்சுக்காக வெயில்ல உட்கார்ந்திருக்கோம். இன்னிக்கு நாம பேச வந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைப் பத்தி. "கிருமிக்கெல்லாம் ஏன்யா ஆர்ப்பாட்டம்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம், பொறுமையாகக் கேளுங்கள்.

கொள்முதல் நிலையத்துக்கு நாம நெல்லைக் கொண்டுபோனா என்ன பண்றாங்க? மெஷினை வைத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் "காயவச்சுக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கருக்காய் எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று தூற்றிப் பார்க்கிறார்கள். விவசாயி விளைவித்ததை அளக்க அரசாங்கத்திடம் மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விதிமுறை இருக்கிறது. ஆனால் விவசாயி வீட்டுக்கு வருகிற கோழித் தீவன மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று அளந்து சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம்ம கிராமத்துக் கறிக்கடையில் வெட்டுகிற கறியில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்து ஊருக்குச் சொன்னது யார்? இதைத்தான் கேட்க வந்திருக்கிறோம்.

புகையானைத் தெரிந்தவனுக்கு இது புரியும்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். நமக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புண், சளி என்று வந்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார். பாக்டீரியா என்கிற கிருமியைக் கொல்லும் மருந்து அது. இப்போது உலகம் முழுக்க அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் பெருகிக்கொண்டு வருகின்றன.

எப்படிப் பெருகுது? படிச்சவங்களை விட நமக்குத்தான் இது சுலபமாப் புரியும். சம்பாவில் புகையான் விழுந்தால் என்ன நடக்கிறது? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதிலும் அரையும் குறையுமாக அடித்தால், செத்தது போக மிச்சம் நிற்பது எது? மருந்தைத் தாங்குகிற பூச்சி. அடுத்த தலைமுறை பூரா அதன் வாரிசு. முந்தின வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேட்காது. இமிடாகுளோப்ரிடுக்குப் புகையான் அடங்காமல் போனது ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த கதை. கிருமிக்கும் அதே கணக்குதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. புகையான் தன் பலத்தைத் தன் குஞ்சுக்கு மட்டும்தான் கொடுக்கும். கிருமி அப்படி இல்லை. நம்ம வீட்டு விதைநெல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாத்தாக் கொடுக்கிற மாதிரி, மருந்தைத் தாங்குகிற வித்தையை வேறு இனத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். கோழிக் குடலில் கிடக்கிற சாது ஈ.கோலி கற்ற வித்தை, நாளைக்கு நம் பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்குகிற கிருமியிடம் போய்ச் சேரலாம். ஆகவே மருந்து கோழிக்குப் போட்டதா, மாட்டுக்குப் போட்டதா, மனுஷனுக்குப் போட்டதா என்று கிருமி பார்ப்பதில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. இந்தியாவில் ஏறத்தாழ 3 லட்சம். ஐ.சி.யூ. வார்டில், பிரசவ வார்டில், பச்சைக் குழந்தைகள் வார்டில் விழுகிற சாவு இது. எல்லாம் கறியால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில், மருந்துக் கடையில், சாக்கடையில் உண்டானதும் அதில் உண்டு. ஆனால் பண்ணையின் பங்கு சின்னதில்லை. உலகத்தில் விற்கிற ஆன்டிபயாடிக்கில் பெரும்பங்கு மனிதனுக்குப் போகவில்லை, உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்குத்தான் போகிறது.

நோயில்லாத கோழிக்கு எதற்கு மருந்து?

நோய் வந்த ஆட்டுக்கு, மாட்டுக்கு மருந்து கொடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. வாயில்லா ஜீவன். வலி அதுக்கும் உண்டு. நாம் கேட்பது வேறு. நோயே இல்லாத கோழிக்கு, குஞ்சாக இறங்கிய நாள் முதல் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுப்பது எதற்காக?

1940களின் கடைசியில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்: தீவனத்தில் துளி ஆன்டிபயாடிக் சேர்த்தால் கோழி சீக்கிரம் எடை போடுகிறது. அன்றைக்குப் பிடித்தது இந்த வழக்கம். நோய்க்குக் கொடுக்கிற அளவு மருந்து கிருமியைக் கொல்லும். எடைக்குக் கொடுக்கிற துளி அளவு மருந்து கிருமியைப் பழக்கும். புகையானுக்கு அரை டோஸ் அடித்த கதைதான். அதோடு ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் நெருக்கி வளர்த்தால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும் என்ற பயத்தில், வருமுன்னே கொடுத்துவிடுவதும் சேர்ந்துகொண்டது.

இதில் நம் விவசாயியின் இடம் என்ன? தமிழ்நாட்டில் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. கொட்டகை நம்மது. கடன் நம்மது. கரண்ட் பில் நம்மது. ராத்திரி முழிப்பு நம்மது. குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. சூப்பர்வைசர் வந்து "இதைத் தண்ணியில கலக்குங்க" என்று பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அது வைட்டமினா, ஆன்டிபயாடிக்கா என்று கேட்டால் "குஞ்சுக்கு நல்லதுங்க" என்பதுதான் பதில். கடைசியில் எடை பார்த்து வளர்ப்புக் கூலி கொடுக்கிறார்கள். நாளைக்குக் கறியில் மருந்து இருக்கிறது என்று பேப்பரில் செய்தி வந்தால் மட்டும் "பண்ணைக்காரன் பண்ணின வேலை"!

கூலி வாங்கும்போது நாம் வளர்ப்பவன். பழி வரும்போது மட்டும் நாம் முதலாளியா? இந்த நியாயத்தை நாம் ஏற்கவில்லை.

கொலிஸ்டின்: கடைசி மருந்தின் கதை

ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். கொலிஸ்டின் என்று பெயர். ரொம்பப் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனித வைத்தியத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். ஐ.சி.யூ.வில் எதுவும் கேட்காதபோது கடைசியாகப் போடுகிற ஊசி அது. அந்த மருந்தைத்தான் மறுபக்கம் கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போட டன் கணக்கில் தீவனத்தில் கொட்டினார்கள்.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது. கொலிஸ்டினைத் தாங்கும் வித்தையைக் கிருமிக்குக் கிருமி கைமாற்றுகிற ஒரு மரபணுவை, எம்.சி.ஆர்-1 என்று பெயர், பன்றியிலும், கடையில் விற்ற பச்சை இறைச்சியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடத்திலும் கண்டுபிடித்தார்கள். பண்ணை, கறிக்கடை, நோயாளி என்று மூன்று இடத்திலும் ஒரே மரபணு. சீன அரசு 2017இல் எடை கூட்டுவதற்காகக் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது.

அது எங்கேயோ சீனாவில் என்று இருக்க முடியாது. நம்ம சென்னையிலேயே டாக்டர் அப்துல் கபூரும் கூட்டாளிகளும் கோழிக்கறி, ஆட்டுக்கறி, மீன், காய்கறி, பழம் என்று 110 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்தார்கள். 51 மாதிரிகளில், அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமி இருந்தது. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் கறி மட்டும் இல்லை, காய்கறியும் இருந்தது. "நாங்க சைவம், எங்களுக்கு வராது" என்று யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது.

இதே டாக்டரும் நாட்டின் மருத்துவச் சங்கங்களும் கூடி 2012இல் "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமியைத் தடுக்கத் தேசத்துக்கு ஒரு கொள்கை வேண்டும் என்று கேட்டார்கள். பல வருஷம் போராடிய பிறகு 2019 ஜூலை 19 அன்று மத்திய அரசு அரசிதழில் ஆணை போட்டது: உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் பண்ணை, தீவனக் கலவை எதற்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. நல்ல ஆணை. வரவேற்கிறோம். ஆனால் கொலிஸ்டின் போன இடத்துக்கு வேறு மருந்து வருவதை யார் பார்ப்பது?

முதல் அடி நமக்குத்தான்

"பட்டணத்துக்காரன் சிக்கன் சாப்பிடுறான், அவன் பார்த்துக்கட்டும்" என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமி முதலில் ஏறுவது நம் கையில்தான். கோழிக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவது யார்? கழிச்சல் கண்ட ஆட்டைத் தூக்கிக் கழுவுவது யார்? கோழி எருவைக் கூடையில் அள்ளி வயலில் இறைப்பது யார்? நம்ம வீட்டுப் பெண்கள்தான்.

பஞ்சாபில் 18 கோழிப் பண்ணைகளில் எடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. டாக்டர்கள் அதிகம் நம்புகிற செபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கத் தெரிந்த ஈ.கோலி, கறிக்கோழியில் எடுத்த மாதிரிகளில் 87 சதவீதம் இருந்தது. முட்டைக்கோழியில் 42 சதவீதம். கறிக்கோழியில் இருமடங்கு! இந்தக் கிருமி கோழியோடு லாரி ஏறிப் போனதுபோக மிச்சம் எருவில் இருக்கிறது. எரு வயலுக்குப் போகிறது. வயல் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது.

நாம் இருக்கிற ஊர் எப்படிப்பட்ட ஊர்? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற தலைப்பு நீடாமங்கலம். இங்கே தண்ணீரில் கலந்தது மன்னார்குடிக்கும் போகும், கடைமடைக்கும் போகும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுகிறார்கள். நல்ல பழக்கம், நம்ம மண்ணுக்கு உரம். அதே வயல், அதே குளம், அதே வாய்க்காலில்தான் மாடு குளிக்கிறது, பிள்ளைகள் குதிக்கிறார்கள், பாத்திரம் விளக்குகிறோம். கறிக்கடைக் கழிவையும் கோழி இறகையும் மூட்டை கட்டி ஆற்றுப் பாலத்திலிருந்து வீசுகிற ஊர்கள் எத்தனை! டெல்டாவில் தண்ணீர்தான் ரோடு. கிருமிக்கும் அதுதான் ரோடு.

"வேகவச்சாச் செத்துடுமே?"

உண்மைதான். நன்றாக வெந்த கறியில் கிருமி உயிரோடு இருக்காது. நம்ம ஊர் குழம்பு கொதிக்கிற கொதியில் சால்மோனெல்லாவும் சாகும், ஈ.கோலியும் சாகும். அதனால் கறி சாப்பிடாதே என்று நாம் சொல்ல வரவில்லை. கறிக்கடைக்காரர் நம்ம ஆள். ஆடு வளர்க்கிறவர் நம்ம ஆள். யார் சாப்பாட்டுக்கும் எதிராக நம் சங்கம் பேசாது. இதைச் சாக்கிட்டு ஒரு சாதியையோ மதத்தையோ வம்புக்கு இழுக்க எவனாவது வந்தால் அவனுக்கும் இங்கே இடமில்லை.

ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை. அதுக்கு முன்னாடி இருக்கு. பச்சைக் கறி தொட்ட கை, வெட்டின அரிவாள்மனை, அதே பலகையில் நறுக்கிய வெங்காயம், வெள்ளரிக்காய், குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது நாலு பக்கமும் தெறிக்கிற தண்ணீர். இதிலேதான் கிருமி வீட்டுக்குள் வருகிறது. தாய்மார்களே, கறிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை வையுங்கள். கறி தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். இது இன்றைக்கே நம் கையில் இருக்கிற வேலை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கறியில் மிச்சம் இருக்கும் மருந்து வேறு, மருந்துக்கு அடங்காத கிருமி வேறு. மருந்து மிச்சம் கொதியில் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. 2014இல் டெல்லியில் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. பாலில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நாடு முழுக்க 6,432 மாதிரி எடுத்து 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கணக்கில், அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது 77இல்தான். பார்த்தீர்களா, சோதித்தால் உண்மை தெரிகிறது. நம் பாலுக்கு நற்பெயரும் கிடைக்கிறது. சோதனையைக் கண்டு விவசாயிக்குப் பயமில்லை. சோதிக்காமல் பரப்புகிற வதந்திதான் நம்மைக் கொல்கிறது.

ஏற்றுமதிக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டமா?

பக்கத்திலே நாகப்பட்டினம் கடற்கரையைப் பாருங்கள். இறால் பண்ணை இறால் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. 2002 வாக்கில் ஐரோப்பிய நாடுகள் இறாலில் நைட்ரோபியூரான், குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மிச்சங்களைக் கண்டு சரக்கைத் திருப்பின. அவ்வளவுதான், நம் நாட்டில் சோதனைக்கூடம் வந்தது, சான்றிதழ் வந்தது, பண்ணைப் பதிவு வந்தது. அதே இரண்டு வகை மருந்துகளை உணவுக்கு வளர்க்கும் எந்தக் கால்நடைக்கும் விற்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஆணை வந்தது எப்போது தெரியுமா? 2025இல்! வெள்ளைக்காரன் வயிற்றுக்கு வந்த அக்கறை நம் வயிற்றுக்கு வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. பிரிட்டனில் 1969இலேயே ஸ்வான் குழு, மனித வைத்தியத்துக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்கை எடை கூட்டத் தீவனத்தில் கலக்காதே என்றது. ஸ்வீடன் 1986இல் எடைக்கு மருந்து கலப்பதைத் தடை செய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை. கோழிக்கு என்ரோபிளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005இல் நிறுத்தியது. நெதர்லாந்து 2009க்குப் பிறகு கால்நடை ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே குறைத்துக் காட்டியது. அங்கெல்லாம் பண்ணை மூடிப்போகவில்லை. தடுப்பூசி, சுத்தம், இடவசதி, டாக்டர் வருகை, இவற்றுக்குச் செலவு செய்தார்கள். விவசாயி தலையில் அபராதம் மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை.

சட்டம் புத்தகத்தில், மாடு தொழுவத்தில்

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2012இல் வந்த விதிப்படி, உணவுக்கு வளர்க்கும் கால்நடைக்கான மருந்தின் மேல், மருந்து நிறுத்திய பின் எத்தனை நாள் கழித்துப் பால், முட்டை, கறி எடுக்கலாம் என்று அச்சடிக்க வேண்டும். அச்சடிக்கவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள். 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு எழுத வேண்டும். உணவில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்கும் 2018இல் விதி வந்தது. 2025 ஏப்ரல் முதல் அதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

நல்லது. ஆனா கொஞ்சம் தொழுவத்துக்கு வந்து பாருங்க. ஒரே ஒரு கறவை மாடு. அதுக்கு மடிநோய். ஊசி போட்டாச்சு. 7 நாள் பாலைக் கீழே ஊற்று என்கிறது சட்டம். அந்த ஏழு நாள் பால்காசுதான் அந்த அம்மாவுக்குப் பிள்ளையின் பஸ் செலவும் மளிகைக் கடைப் பாக்கியும். நஷ்டத்தை யார் தருவது? பதில் இல்லை. ராத்திரி மாடு துடிக்கிறது. பல கிராமங்களுக்கு ஒரு டாக்டர். அவர் வரும்வரை கடையில் ஊசி வாங்கிப் போடுவதைத் தவிர ஏழைக்கு வழி இல்லை என்ற நிலைமையை வைத்துக்கொண்டு, "சீட்டு இல்லாம ஏன் வாங்கினே?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கொடுமை. கோமாரி, ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், மாட்டுக்குத் தோல் கழலை, இவை எல்லாம் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. கூட வருகிற புண்ணுக்கோ காய்ச்சலுக்கோ தேவை என்று டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் வேலை. இந்த நோய்களுக்கு வழி தடுப்பூசிதான். காலத்தோடு தடுப்பூசி வந்தால் ஊசி மருந்துச் செலவு குறையும். தடுப்பூசி தவறுகிற ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடைக்குத்தான் லாபம்.

வைத்தியத்துக்கு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் உழைத்து மூலிகை வைத்திய முறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். மடிநோய்க்கு அவர் சொன்னது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் சிவப்பாக வரும். மடியைக் கழுவிப் பாலைப் பீச்சிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை தடவ வேண்டும். ஐந்து நாள். தேசிய பால்வள வாரியமே இதை எடுத்து நாடு முழுக்கப் பரப்பியது. குஜராத்துக்குப் போன வைத்தியம் நம்ம கிராமத்துத் தொழுவத்துக்கு முழுசா வந்து சேர வேண்டாமா? முற்றிய நோய்க்கு இது போதாது, டாக்டர் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆரம்பத்திலேயே தடவினால் எத்தனையோ ஊசி மிச்சம்.

ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீடாமங்கலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. படித்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆட்டின் கழிச்சலை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் சொல்லும் சோதனை சாமானிய விவசாயிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். குருட்டாம்போக்கில் ஊசி போடுவது அப்போதுதான் நிற்கும்.

எங்கள் கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளிடம் நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, உரிமை:

1. தீவன மூட்டை ஒவ்வொன்றின் மேலும், கலந்துள்ள மருந்தின் பெயரும் அளவும் தமிழில் அச்சடிக்க வேண்டும். மருந்து கலக்கவில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே கால்நடையும் உண்டு. கோழி வளர்ப்பு ஒப்பந்தத்தில் கம்பெனி தரும் தீவனம், மருந்து அனைத்துக்கும் கம்பெனியே பொறுப்பு என்று எழுத வேண்டும். ஒப்பந்த நகல் தமிழில் வளர்ப்பவர் கையில் இருக்க வேண்டும்.

3. மருந்து நிறுத்திய நாட்களில் ஊற்றும் பாலுக்கு, கூட்டுறவுச் சங்கம் மூலமாக நஷ்டஈடு தர வேண்டும்.

4. காலியாக உள்ள கால்நடை மருத்துவர், ஆய்வாளர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு வரும் வண்டிகளைக் கூட்ட வேண்டும்.

5. கோமாரி, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிகளைக் காலம் தவறாமல் கிராமத்திலேயே இலவசமாகப் போட வேண்டும். கிடை ஆடுகளையும் மேய்ச்சல் வாத்துகளையும் விட்டுவிடக் கூடாது.

6. கிருமிச் சோதனைக்கூடம் திருவாரூர் மாவட்ட விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

7. சந்தையில் விற்கும் கறி, முட்டை, பால், மீனில் மருந்து மிச்சத்தையும் கிருமியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, முடிவைத் தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். முதலில் சோதிக்க வேண்டியது தீவன ஆலையை, அப்புறம் பண்ணையை.

8. பேரூராட்சிதோறும் தண்ணீர் வசதியும் கழிவுத் தொட்டியும் உள்ள ஆட்டிறைச்சிக் கூடம் கட்ட வேண்டும். கழிவு ஆற்றில் விழக் கூடாது. கறிக்கடைத் தொழிலாளிகளை விரட்டாமல் அவர்களுக்கே அங்கே இடம் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே!

மீத்தேன் எடுக்க வந்தபோது "பூமிக்கு அடியில இருக்கறதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நம்மைக் கேட்டார்கள். ஊர் ஊராகப் பேசிப் பேசித் தெரிந்துகொண்டோம். அந்தப் பிரசாரத்துக்கு வந்த இடத்தில்தான் 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் நம்மாழ்வார் ஐயா கண்ணை மூடினார். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. யாரும் தானாகக் கொடுக்கவில்லை, நாம் கேட்டு வாங்கினோம். கண்ணுக்குத் தெரியாத மீத்தேனைப் புரிந்துகொண்ட நமக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி மட்டும் புரியாதா?

மருந்து என்பது வாய்க்கால் தண்ணீர் மாதிரி. அது ஊருக்குப் பொது. தலைமடையில் ஒருத்தன் லாபத்துக்காக மடையை உடைத்தால் கடைமடை காயும். எடை கூட்டுவதற்காகத் தீவன ஆலையில் கொட்டுகிற மருந்து, நாளைக்கு நம் மகள் பிரசவத்துக்குப் படுக்கும்போது, நம் பேரனுக்கு ஜுரம் வரும்போது வேலை செய்யாமல் போகும். அந்த நாள் வந்தபின் ஆர்ப்பாட்டம் நடத்திப் பயன் இல்லை.

இந்தத் துண்டறிக்கையைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பால் சங்கத்தில் படியுங்கள், மகளிர் குழுவில் படியுங்கள், கோழிக் கொட்டகையில் படியுங்கள். அடுத்த தடவை மூட்டை வந்து இறங்கும்போது, சூப்பர்வைசர் பாக்கெட்டை நீட்டும்போது, கடைக்காரர் ஊசியை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்குள்ள என்ன இருக்கு?" ஒருத்தர் கேட்டால் சிரிப்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தீவன மூட்டையில் தமிழில் எழுது!
ஊற்றும் பாலுக்கு நஷ்டஈடு கொடு!
ஏற்றுமதிக்கு உள்ள சோதனை எங்கள் ஊருக்கும் வேண்டும்!
விவசாயி மேல் பழி போடாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!